சிம்பல் அடங்கும் வரை

அது பேய் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

வருஷத்துக்கு இரண்டு பேராவது என் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். கழுத்தில் ஹெட்ஃபோன், கையில் நோட்டு. "அந்தப் பாட்டுல எல்லா வாத்தியமும் சட்டுன்னு நிக்குதே, அங்க ஒரு பொம்பளைக் குரல் கேக்குது. யாரோ செத்துப்போனவங்க ஆவின்னு சொல்றாங்களே, நிஜமா?" என்று கேட்பார்கள். ஸ்டூடியோ முதலாளி சவ அடக்கத் தொழிலும் செய்தவர் என்பதால் இப்படி ஒரு கதை கிளம்பிவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எண்பத்தொரு வயதில் கோபப்படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். டாக்டருக்கு ஓஸெல்லாவைத் தெரியாது.

அந்தக் குரல் ஓஸெல்லா ப்ரூவிட்டுடையது. அதைப் பாடிய அன்று அவளுக்கு முப்பத்தொன்பது வயது. காலையில் மூன்று துண்டு சோள ரொட்டியும் பொரித்த கெளுத்தி மீனும் சாப்பிட்டுவிட்டு, மலை மாதிரி வந்து என் பக்கத்தில் நின்றாள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தப் பாட்டுக்கு டிரம்ஸ் வாசித்தவன் நான்.

மெம்ஃபிஸின் தெற்குப் பக்கத்தில் மிஸ்டர் ஆஸ்க்யூவைத் தெரியாதவர்கள் கிடையாது. எங்கள் சர்ச்சுகளில் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாலும் அவர் படம் போட்ட அட்டை விசிறி கிடக்கும். ஒரு பக்கம் ஏசு, மறுபக்கம் ஆஸ்க்யூ சவ அடக்க நிலையம். அந்த நிலையத்தை ஒட்டியிருந்த பழைய ஐஸ் ஃபாக்டரி ஒன்றை வாங்கி அவர் ஸ்டூடியோ ஆக்கினார். நம்ம ஆள், ஒரு கறுப்பர், நடத்தும் ஸ்டூடியோ என்று எங்களுக்கெல்லாம் பெருமைதான், மறுக்க மாட்டேன். ஆனால் பிணத்துக்குப் பவுடர் பூசிப் பழகிய கை அது. எதை எடுத்தாலும் கொஞ்சம் வெளுப்பாக்கி, கொஞ்சம் இளைக்க வைத்து, வாயை மூடிவைத்தால்தான் அவருக்குத் திருப்தி.

ஓஸெல்லா அங்கே வந்தது 1959-ல். அதற்கு முன் ஒன்பது வருஷம் கிழக்குப் பக்கத்தில் தார்ன்பரி என்ற வெள்ளைக்காரக் குடும்பத்தில் வீட்டு வேலை. ஏழு வயதிலிருந்து சர்ச் பாடகர் குழுவில் தனியாக நின்று பாடியவள், அங்கே இஸ்திரி போட்டுக்கொண்டே பாட்டுக் கட்டினாள். இஸ்திரிப் பெட்டி ஒரு தடவை போய்வந்தால் ஒரு அடி. சட்டைக் காலர் முடிவதற்குள் பல்லவி முடிந்துவிடும் என்பாள். ஒன்பது வருஷமும் அந்த வீட்டுக்குள் அவள் நுழைந்தது பின்கதவு வழியாக. வேலைக்காரர்களுக்கு அதுதான் கதவு.

ஒரு ஜனவரி மாதம், அந்த அம்மா தன் சிநேகிதிகளுக்கு விருந்து வைத்திருந்தபோது, ஓஸெல்லா ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டாள். விருந்தாளிகள் உட்கார்ந்திருந்த கூடத்தின் நடுவே நடந்து, முன்கதவைத் திறந்து வெளியே இறங்கினாள். குளிர் உள்ளே அடித்தது. "ஓஸெல்லா! கதவை மூடு!" என்று அந்த அம்மா கத்தினாளாம்.

"தொறந்தே கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. ஏழு வருஷம் அவள் அதை யாரிடமும் பாட்டாகச் சொல்லவில்லை.

அந்த ஏழு வருஷமும் அவள் எங்கள் ஸ்டூடியோவில் என்ன செய்தாள்? பாட்டு எழுதினாள், ட்ராக் பாடினாள். ட்ராக் என்றால், பெரிய பாடகர் வருவதற்கு முன் பாட்டை வேறொருவர் பாடிப் பதிவுசெய்து வைப்பது. பெரியவர் வந்து அதைக் கேட்டுக் கற்றுக்கொண்டு, அதே இடத்தில் தன் குரலைப் பதிவார். ட்ராக் பாடியவர் குரல் அழிந்துபோகும். நாடாவில் மொத்தம் நான்கு வரிசைதான், வேறு இடமில்லை. பதினோரு பாட்டு இப்படி அவளைத் தாண்டி ரேடியோவுக்குப் போனது. கற்றுக்கொண்டவர்கள் சொற்களை மட்டும் எடுக்கவில்லை. அவள் மூச்சு வாங்கிய இடத்தில் மூச்சு வாங்கினார்கள், அவள் இழுத்த இடத்தில் இழுத்தார்கள்.

ஒரு தடவை அவளுக்கு ஜலதோஷம். இரண்டாவது சரணத்துக்கு முன் தொண்டையைச் செருமினாள். வந்த பாடகர் அதுவும் பாட்டில் சேர்த்தி என்று நினைத்து உருக்கமாகச் செருமிவைத்தார். அந்தக் கோடையில் மெம்ஃபிஸில் பெண்ணைப் பார்த்துப் பல்லிளித்தவன் எவனும் முதலில் ஒரு செருமல் போடாமல் இல்லை. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஓஸெல்லாவும் சிரித்தாள். பிறகு, "என் சளிக்குக்கூட ரேடியோவுல இடம் இருக்கு, பாத்தியா லெம்" என்றாள். அதற்கப்புறம் நான் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பதை நிறுத்திவிட்டேன்.

ஒவ்வொரு வருஷமும் அவள் முதலாளியிடம் கேட்பாள், தன் பெயரில் ஒரு பாட்டு. ஒவ்வொரு வருஷமும் அவர் அதையே சொல்வார். "குரல் தங்கம்மா. ஆனா ரெக்கார்டு அட்டையில குரலையா ஒட்டுறது?" அவள் கறுப்பு, எங்களிலேயே நல்ல கறுப்பு. உடம்பும் பெரியது. அவருடைய நட்சத்திரம் டெல்ஃபின் ரே, செயின்ட் லூயிஸ்காரி, இருபத்திரண்டு வயது, பால் கலந்த காப்பி நிறம், இடுப்பைக் கையில் பிடித்துவிடலாம்.

1966 ஜூன் மாதம் ஓஸெல்லா முன்கதவுப் பாட்டை எழுதிக்கொண்டு வந்தாள். பியானோ பக்கத்தில் நின்று பாடிக்காட்டினாள்.

ஒன்பது வருஷம் பின்கதவால வந்தேன்,
உன் தரையிலதான் என் முகத்தைப் பாத்தேன்.
இன்னிக்குத் தொப்பிய எடுத்து வச்சேன்,
முன்கதவால போறேன்.

பேஸ் கிதார் வாசிக்கும் பெர்சி கிதாரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான். அவன் அம்மா முப்பது வருஷம் வீட்டு வேலை செய்தவள். இந்த ஒரு பாட்டையாவது அவளையே பாட விடுவார் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். அவ்வளவு முட்டாள்கள்.

"பிரமாதம்" என்றார் ஆஸ்க்யூ. "டெல்ஃபினுக்குக் கச்சிதமா இருக்கும். ஒன்பது வருஷத்தை ஒன்பது மாசம் ஆக்கிடு. திருட்டுத்தனமா வந்து போற காதலி ஒருநாள் தைரியமா முன்கதவால போறா. தரை, முகம் அதெல்லாம் வேண்டாம். 'உன் கண்ணுலதான் என் முகத்தைப் பாத்தேன்'னு போடு."

"மிஸ்டர் ஆஸ்க்யூ, அது நான் தொடச்ச தரை" என்றாள் ஓஸெல்லா.

"யாரும்மா இல்லைன்னது? தரை தொடைக்கிறதைப் பத்தி சனிக்கிழமை சாயங்காலம் எவன் ஆடுவான்?"

"இதை நான்தான் பாடணும்."

"ஸ்டூடியோவுல எழுதுற பாட்டு ஸ்டூடியோவுக்குச் சொந்தம். கையெழுத்துப் போட்டிருக்க. அடுத்த வாரம் ட்ராக் பாடிக் குடு."

அவள் விருட்டென்று வெளியே போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. என் டிரம்ஸ் பக்கம் வந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். தொப்பியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"லெம், உன் தலைக்கு மேல தொங்குதே மைக்கு, அதுக்கு எவ்வளவு தூரம் காது கேக்கும்?"

"அதுக்கென்னக்கா, தெருவுல நாய் குரைச்சாலும் கேக்கும். ஃப்ளாய்ட் திட்டிக்கிட்டே இருக்கான்." ஃப்ளாய்ட் எங்கள் ஒலிப்பதிவுக்காரன்.

"இந்தப் பெரிய சிம்பல் தட்டை ஓங்கி அடிச்சா சத்தம் எவ்வளவு நேரம் நிக்கும்?"

"கை வைக்காம விட்டா, நாலு எண்ணுறதுக்கு மேலயே நிக்கும்."

"சரி" என்றாள். எழுந்து போய்விட்டாள். நான் பாட்டுக்கு நட்டைத் திருகிக்கொண்டிருந்தேன். எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

பதிவு நாள் ஜூலையில் வந்தது. பழைய ஐஸ் ஃபாக்டரி என்று பெயர், உள்ளே அடுப்பு. ட்ராக் பாடுகிறவர்களுக்குக் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை உண்டு. முன்பு ஐஸ் அடுக்கி வைத்த பொந்து. ஓஸெல்லா அதற்குள் போக மாட்டேன் என்றாள்.

"மூச்சு முட்டுது மிஸ்டர் ஆஸ்க்யூ. நான் உள்ள மயங்கி விழுந்தா நீங்க பக்கத்துக் கட்டடத்துக்குத் தூக்கிட்டுப் போயிடுவீங்க. இங்கயே நிக்கிறேன், தாளத்துக்குப் பக்கத்துல."

ட்ராக்தானே, எங்கே நின்றால் என்ன என்று அவரும் விட்டுவிட்டார். அவளுக்கு ஒரு மைக் வைத்தார்கள், என் இடது கைப்பக்கம், நாலு அடி தள்ளி. பாட ஆரம்பித்ததும் அவள் அந்த மைக்கைப் பார்க்கவில்லை. முகத்தைத் தூக்கி என் தலைக்கு மேல் தொங்கிய மைக்கைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு மண்டையில் ஏறியது. அடிப்பாவி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஒன்பது வருஷம் என்றே பாடினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆஸ்க்யூ ஒலிபெருக்கியில் கத்தினார். "மாசம்! மாசம்!"

"ட்ராக்தானே முதலாளி? எப்படியும் அழிக்கத்தான் போறீங்க. அந்தப் பொண்ணுக்குத் தாள்ல எழுதிக் குடுங்க, படிச்சுக்கும்."

மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது சரணம் முடிந்ததும் எல்லா வாத்தியமும் நிற்க வேண்டும். நாலு எண்ணிவிட்டு எல்லோரும் ஒன்றாக உள்ளே விழ வேண்டும். அந்த இடத்தில் பாட்டே கிடையாது, வெறும் மௌனம், தாளில் அப்படித்தான் எழுதியிருந்தது. அந்த இடம் வந்தது. பக்கத்தில் அவள் நெஞ்சு விரிவது தெரிந்தது. வழக்கமாகச் சின்ன டிரம்மில் ஒரு தட்டுத் தட்டி நிறுத்துவேன். அன்றைக்குப் பெரிய சிம்பலைப் பலங்கொண்ட மட்டும் அடித்தேன். கையை வைத்து அமுக்காமல் விட்டேன்.

அந்த அதிர்வு அடங்குவதற்குள் அவள் பாடினாள். "தொறந்தே கிடக்கட்டும்!"

ஏழு வருஷம் சேர்த்துவைத்தது அது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஃப்ளாய்ட் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தே விட்டான். நாங்கள் நாலாவது எண்ணிக்கையில் உள்ளே விழுந்தோம். அப்படி ஒரு வாசிப்பை நான் அதற்கு முன்னும் வாசித்ததில்லை, பின்னும் இல்லை. பெர்சி அழுதுகொண்டே வாசித்தான், நான் பார்த்தேன், அவன் வேர்வை என்று சாதித்தான்.

"இதுதான்!" என்றார் ஆஸ்க்யூ. "இந்த வாசிப்பையே வச்சுக்கலாம். நடுவுல ஏதோ கத்தினியே, அது போயிடும்."

புதன்கிழமை டெல்ஃபின் வந்தாள். ஃப்ளாய்ட் ஓஸெல்லாவின் வரிசையை அழித்துவிட்டுப் பாட்டை ஓடவிட்டான். நாங்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். முதல் சரணம், இரண்டாவது, மூன்றாவது. என் டிரம்ஸுக்கு அடியில், பக்கத்து அறையில் யாரோ பேசுவதுபோல், ஒரு குரல் முனகிக்கொண்டே வந்தது. பிறகு வாத்தியங்கள் நின்றன. சிம்பல் அலையடித்தது. அதன் நடுவில் தெள்ளத்தெளிவாக ஓஸெல்லா நின்றுகொண்டிருந்தாள்.

ஆஸ்க்யூவின் முகத்தில் ரத்தம் இல்லை. "அதை எடு."

"எடுக்க முடியாது சார்" என்றான் ஃப்ளாய்ட். "அவங்க டிரம்ஸுக்குள்ள இருக்காங்க. அந்த இடத்தை வெட்டினா சிம்பலும் போயிடும். கழுத்தை அறுத்த மாதிரி கேக்கும்."

"அப்ப டிரம்ஸைத் திரும்ப அடிக்கச் சொல்லு!"

எல்லோருமாக முதலிலிருந்து பதினேழு தடவை வாசித்தோம். ஒன்றும் சரிவரவில்லை. ஆறாவது தடவை பெர்சியின் கம்பி அறுந்தது. பத்தாவதில் என் குச்சி உடைந்தது. மற்றவை கொஞ்சம் வேகம், கொஞ்சம் மந்தம். நல்ல டிரம்மர் மோசமாக வாசிப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? யாருக்கும் சந்தேகம் வராத அளவு மோசமாக வாசிக்க வேண்டும். அன்றைக்கு நான் பட்ட பாடு என் வாழ்நாளில் பட்டதில்லை. ரேடியோக்காரருக்கு வெள்ளிக்கிழமை ரெக்கார்டு தருவதாக ஆஸ்க்யூ வாக்குக் கொடுத்திருந்தார். கடைசியில் கையை உதறினார்.

"டெல்ஃபின், நீ சத்தமா பாடு. அந்த இடத்துல நீயும் ஏதாவது பாடி மூடிடு. எவனுக்கும் கேக்காது."

டெல்ஃபின் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டாள். நன்றாகவே பாடினாள், அவளைக் குறை சொல்ல மாட்டேன். தாளில் இருந்தபடி ஒன்பது மாசம், கண்ணில் முகம், எல்லாம். வாத்தியங்கள் நின்ற இடத்தில் வாயை இறுக மூடிக்கொண்டாள். மறுபடி எடுத்தார்கள், மறுபடியும் மூடிக்கொண்டாள். ஆஸ்க்யூ என்னவென்று கேட்டார்.

"ஆள் உக்காந்திருக்கிற சீட்டுல போய் நான் உக்கார மாட்டேன் சார்" என்றாள். இருபத்திரண்டு வயது. அன்றிலிருந்து அந்தப் பெண் எனக்கு உறவு.

ரெக்கார்டு வெளியானது. பெரிய எழுத்தில் டெல்ஃபின் ரே. இரண்டு வாரத்தில் தெற்குப் பக்கத்தில் அது ஓடாத ஜன்னல் இல்லை. ஆனால் பெண்கள் பாடியது டெல்ஃபின் பாடியதை இல்லை. காலை ஆறரை மணி பஸ்ஸுக்காக வெள்ளை யூனிஃபார்மில் நிற்பார்களே வீட்டு வேலைக்காரப் பெண்கள், அவர்களில் ஒருத்தி முனகுவாள், வாத்தியம் நிற்கும் இடம் வந்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்துவார்கள், பிறகு மொத்தமாக, "தொறந்தே கிடக்கட்டும்!" டெல்ஃபின் மாசம் என்று பாடுவதற்கு அடியில் வருஷம் என்று கேட்கிறது என்று முதலில் கண்டுபிடித்ததும் அவர்கள்தான். முடி திருத்தும் கடையில் ரெக்கார்டின் மேல் காதை வைக்காத குறை. அவள் பாடிவந்த மவுன்ட் நீபோ சர்ச் பெண்களுக்கு ஒரு வினாடிகூடத் தேவைப்படவில்லை. "அது நம்ம ஓஸெல்லா" என்றார்கள். முப்பது வருஷமாகக் கேட்கும் குரல். அந்த மாதம் கிழக்குப் பக்கத்தில் நாற்பது பேர் முன்கதவு வழியாக வேலையை விட்டார்கள் என்று ஒரு பேச்சு. பாதி பொய் என்றாலும் இருபது.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, சர்ச் முடிந்து மூன்று மணிக்கு, பாமெட்டோ ஹாலில் டெல்ஃபினின் கச்சேரி. ஆயிரத்து இருநூறு டிக்கெட்டும் போய்விட்டன. அதற்கு இரண்டு நாள் முன்பு ஆஸ்க்யூ ஓஸெல்லாவின் வீட்டுக்குப் போனார். நான் அங்கே அவள் சமையலறையில் பீச் பழப் பணியாரம் தின்றுகொண்டிருந்தேன்.

அவர் விசிறியால் முகத்தை வீசிக்கொண்டே ஆரம்பித்தார். "ஓஸெல்லா, ஜனங்க அந்த வரியை எதிர்பார்க்கிறாங்க. ஒரு நல்ல யோசனை வச்சிருக்கேன். நீ திரைக்குப் பின்னாடி நில்லு. ஒரு மைக்கு தர்றேன். அந்த இடம் வந்ததும் பாடிடு. சந்துப் பக்கமா வந்துட்டு அப்படியே போயிடலாம், ஒருத்தருக்கும் தெரியாது."

"சந்துப் பக்கமா."

"கலைஞர்கள் எல்லாரும் அந்தப் பக்கம்தானேம்மா வர்றாங்க?"

ஓஸெல்லா கரண்டியைக் கீழே வைத்தாள். "மிஸ்டர் ஆஸ்க்யூ, தார்ன்பரி அம்மாவாவது எனக்கு ஒரு கதவு குடுத்தா. நீங்க எனக்குக் குடுக்கிறது ஒரு திரை."

"கர்வம் பிடிச்சவளே! என் ஸ்டூடியோ இல்லைன்னா நீ யாரு?"

"அதைத்தான் உங்க ரெக்கார்டுல எல்லாரும் கேட்டுக்கிட்டிருக்காங்க."

அவர் எழுந்து என்னிடம் திரும்பினார். "லெமுயெல், அந்த இடத்துல நிறுத்தாத. நிறுத்தமே வேண்டாம். நேரா வாசிச்சுட்டுப் போயிடு. எல்லாருக்கும் சொல்லிடு." போய்விட்டார்.

"நீ வருவியாக்கா?" என்று கேட்டேன்.

"நான் எதுக்கு வரணும்? என் கதவை இடிச்சுச் சுவர் எழுப்பப் போறீங்க, அதைப் பாக்கவா?" அவள் குரல் நடுங்கியது. அதற்கு முன் அவள் குரல் நடுங்கி நான் கேட்டதில்லை. மீதிப் பணியாரத்தை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

ஞாயிறு மூன்று மணி. சர்ச்சிலிருந்து நேராக வந்த கூட்டம், எங்கே பார்த்தாலும் தொப்பி, எல்லார் கையிலும் ஆஸ்க்யூ விசிறி. கடைசிப் பாட்டாக முன்கதவுப் பாட்டை எடுத்தோம். முதல் தட்டுக்கே ஹால் எழுந்து நின்றது. மேடைக்குப் பக்கவாட்டில் ஆஸ்க்யூ, கைகளைக் கட்டிக்கொண்டு.

மூன்றாவது சரணம் முடியப் போகிறது. நிறுத்தாதே என்று உத்தரவு. பெர்சி என்னைப் பார்த்தான். நான் யாரையும் பார்க்கவில்லை. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது, புதிதாகப் பிறந்த பெண் குழந்தை, வேறு வேலை தெரியாது. சிம்பலை ஓங்கி அடித்தேன். குச்சிகளை மடியில் வைத்தேன்.

ஆயிரத்து இருநூறு பேரும் மூச்சைப் பிடித்தார்கள். டெல்ஃபின் மைக்கைக் கீழே இறக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. சிம்பல் அடங்கிக்கொண்டிருந்தது. குரல் வரவில்லை. ஐந்து, ஆறு. ஆஸ்க்யூ விரலால் தன் கழுத்தை அறுத்துக் காட்டினார். நான் குச்சியைத் தொடவில்லை. எட்டு. யாரும் இருமக்கூட இல்லை. சிம்பலின் சத்தம் எனக்கு மட்டும் கேட்கும் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. வரமாட்டாள், எல்லாம் போச்சு, நான் ஒரு மடையன் என்று நினைத்தேன்.

"தொறந்தே கிடக்கட்டும்!"

பதின்மூன்றாவது வரிசை. மைக் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஊதா நிறத் தொப்பி வைத்துக்கொண்டு, டிக்கெட் வாங்கி, முன்வாசல் வழியாக வந்து, இரண்டு மணி நேரமாக அங்கே உட்கார்ந்திருந்திருக்கிறாள் கழுதை.

நாங்கள் உள்ளே விழுந்தோம். அந்தச் சத்தத்தில் கூரை எழும்பிவிட்டது என்று சொன்னால் நம்புங்கள். ஓஸெல்லா பாடிக்கொண்டே நடுவழியில் நடந்து வந்தாள். ஜனங்கள் அவளைத் தொட்டுத் தொட்டு அனுப்பினார்கள். மேடையின் அடிக்கு வந்து நின்றாள். அங்கே படி கிடையாது. மேடை அவள் நெஞ்சு உயரம். மேடைக்கு ஒரே வழி, வெளியே போய், கட்டடத்தைச் சுற்றி, சந்துக் கதவு வழியாக. ஆஸ்க்யூ குனிந்து கையை ஆட்டினார். "பின்பக்கமா வா! பின்பக்கமா சுத்தி வா!"

ஓஸெல்லா அவரை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு கையையும் மேலே நீட்டினாள்.

டெல்ஃபின் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு மேடை விளிம்பில் மண்டியிட்டு ஒரு கையைப் பிடித்தாள். பெர்சி கிதாரை முதுகுக்குத் தள்ளிவிட்டு மறுகையைப் பிடித்தான். கீழே முதல் வரிசையிலிருந்து நாலு சர்ச் அம்மாக்கள் வந்து, வெட்கம் பார்க்காமல், பின்னாலிருந்து முட்டுக்கொடுத்தார்கள். அழகான காட்சி என்று சொல்ல மாட்டேன். ஒரு தையல் பிரிந்தது. தொப்பி விழுந்தது, யாரோ எறிந்தார்கள், டெல்ஃபின் பிடித்து அவள் தலையில் வைத்தாள். அத்தனை நேரமும் நான் ஒற்றை டிரம்மை வைத்துத் தாளத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன், கண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை.

ஓஸெல்லா மூச்சு வாங்கிக்கொண்டு மைக் முன்னால் நின்றாள். டெல்ஃபின் இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"லெம்" என்றாள் ஓஸெல்லா, திரும்பாமலே. "முதல்ல இருந்து. ஒன்பது வருஷம்."

ஒன்பது வருஷமும், தரையும், அவள் முகமும், எல்லாம் இருந்த இடத்துக்கு வந்தன.

கச்சேரி முடிந்ததும் ஆஸ்க்யூ சொன்னதில் எழுதக்கூடியது இவ்வளவுதான்: நானும் அவளும் இனி அவர் கட்டடங்கள் எதற்குள்ளும் கால் வைக்கக் கூடாது. "உங்க இன்னொரு கட்டடத்துக்குள்ள நான் கால் வச்சு வரப்போறதில்லை, படுத்துக்கிட்டுத்தான் வரணும்" என்றாள் ஓஸெல்லா. "அதுக்கும் வேற இடம் பாத்துக்கிறேன்." முப்பத்து மூன்று வருஷம் கழித்து அவள் இறந்தபோது, அந்த வார்த்தையையும் நாங்கள் காப்பாற்றினோம்.

அந்த முப்பத்து மூன்று வருஷத்தைக் கேட்கத்தான் யாரும் வருவதில்லை. பெர்சியின் அண்ணன் கராஜில் அவள் பெயர் போட்டு ஒன்பது ரெக்கார்டு செய்தோம். ஒன்றும் அந்தப் பாட்டு அளவுக்கு ஓடவில்லை. ஜாக்ஸன் வரை, பர்மிங்காம் வரை, கூப்பிட்ட ஊரெல்லாம் போய்ப் பாடினாள். ஒப்பந்தத் தாளில் மற்றவர்கள் என்னென்னவோ கேட்டு எழுதுவார்கள். அவள் எழுதியது ஒரே வரி: பாடகி முன்வாசல் வழியாக வருவார். அதற்கு ஒப்பாத இரண்டு ஹால்களில் பாடாமல் திரும்பினோம். பெட்ரோலுக்குத் திண்டாடிக்கொண்டு திரும்பினோம், ஆனால் திரும்பினோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் கலைய ஆரம்பித்தபோது, நான் டிரம்ஸைக் கழற்றிச் சந்துப் பக்கம் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தேன். பழக்கம்.

"டேய் லெம், எங்க போற?" என்றாள் ஓஸெல்லா.

பிறகு மேடையிலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினோம். பெரிய டிரம்மை நான் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சிம்பலைத் தூக்கினாள். நாற்காலிகளுக்கு நடுவே, ஜனங்கள் ஒதுங்கி வழிவிட, ஹாலின் முழு நீளமும் நடந்தோம். வாசலில் டிக்கெட் கிழிக்கும் பெரியவர் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அதை முழுக்கத் திறந்து, தோளால் முட்டுக்கொடுத்து நின்றார். கடைசி ஸ்டாண்டை எடுக்க நான் நாலாவது தடவை உள்ளே போய்த் திரும்பும்வரை அப்படியே நின்றார்.